கொனாபாத்: நேரத்தால் நீரை அளந்த ஊர்

வாசகர் கேள்வி – பதில்

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2016-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட பாரசீக நிலத்தடிக் கால்வாய்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவற்றுள் மிக ஆழமானது கொனாபாத் என்னும் பாலைநிலச் சிற்றூரில் இருக்கிறது என்ற குறிப்போடு அந்தப் பத்தி முடிந்திருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளே இந்த இதழின் பகுதி முழுவதையும் நிரப்பிவிட்டன.

கேள்வி: கொனாபாத் எங்கே இருக்கிறது? ஆறும் இல்லாமல் போதிய மழையும் இல்லாமல் அங்கே ஓர் ஊர் எப்படி உருவாக முடிந்தது? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஈரானின் வடகிழக்கில் உள்ள ரஸவி குராசான் மாகாணத்தில், மஷ்ஹத் நகரத்துக்குத் தெற்கே முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இந்த ஊர் இருக்கிறது. மக்கள்தொகை 40,000 அளவில்தான். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் 150 மில்லிமீட்டரைத் தொடுவது அரிது. கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும்; குளிர்காலத்தில் இரவு உறைநிலைக்குக் கீழே இறங்கும்.

ஆனால் ஊருக்குத் தெற்கே மலைகள் இருக்கின்றன. அங்கே விழும் பனியும் மழையும் அடிவாரத்துச் சரளை மண்ணுக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் ஆழத்தில் தங்கிவிடுகின்றன. அந்த நீரை மேலே இறைப்பதற்குப் பதிலாக, அது தானாகவே நடந்து ஊருக்கு வருவதற்கு ஒரு வழி செய்து கொடுப்பதுதான் பாரசீகர்கள் கண்ட முறை. மலையடியில் நீர்மட்டம் வரை ஒரு கிணறு தோண்டுகிறார்கள். அதற்குத் தாய்க்கிணறு என்று பெயர். அந்த நீரைத் தொட்டபடி தொடங்கும் ஒரு சுரங்கம், நிலத்தின் சரிவைவிட மிக மெல்லிய சரிவோடு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் இறக்கமாக, ஊரை நோக்கிச் செல்கிறது. நிலம் வேகமாகத் தாழ்ந்துகொண்டே வர, சுரங்கம் மெதுவாகத் தாழ, இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அந்த வாயில்தான் மஸ்ஹர், அதாவது நீர் வெளிப்படும் இடம். இந்த அமைப்பை அரபுச் சொல்லால் கனாத் என்றும், குராசான் மக்களின் பழைய பாரசீகச் சொல்லால் காரீஸ் என்றும் அழைப்பார்கள். இதற்கு எருதோ சக்கரமோ மின்சாரமோ தேவையில்லை; சரிவு ஒன்றே போதும்.

ஆகவே அந்தப் பகுதியில் முதலில் ஊர் உண்டாகிப் பிறகு அதற்கு நீர் தேடப்படவில்லை. நீர் எங்கே தலைகாட்டியதோ அங்கேதான் ஊர் அமைந்தது. பாரசீகத்தில் ‘ஆப்’ என்றால் நீர். ஐதராபாத், ஔரங்காபாத் என்று நமக்குப் பழகிய ‘ஆபாத்’ என்ற ஊர்ப்பெயர் ஈற்றையும் ஈரானிய மக்கள் இந்த நீரோடு சேர்த்தே பொருள்கொள்வதுண்டு. மொழியியலார் இரண்டுக்கும் வேர் வேறு என்று சொல்வார்கள். கொனாபாத்தின் வரலாற்றைப் படித்த பிறகு, அந்த மக்கள் ஏன் அப்படிப் பொருள்கொள்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

கேள்வி: முந்நூறு மீட்டர் ஆழத்துக்கு வெறும் கையால் கிணறு தோண்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது மிகையாகத் தோன்றுகிறதே? (சேலத்திலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. முதன்முதலில் படித்தபோது எனக்கும் அது வந்தது. கொனாபாத்தின் கஸபே காரீஸ் 33 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நீளமுடையது. அதன் வழி நெடுகிலும் 427 கிணறுகள் உள்ளன. அதாவது சராசரியாக 75 மீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளிக்கு ஒன்று. மண்ணை வெளியேற்றவும், உள்ளே காற்றுப் போகவும், பிற்காலத்தில் தூர்வார இறங்கவும் இந்தக் கிணறுகள் வேண்டும். ஊரை நெருங்க நெருங்க அவற்றின் ஆழம் குறைந்துவிடும். மலைப்பக்கம் போகப் போகக் கூடும். தாய்க்கிணறு 300 மீட்டரைத் தாண்டுகிறது. ஏறத்தாழ ஈஃபில் கோபுரத்தைத் தலைகீழாக மண்ணுக்குள் இறக்கியது போன்ற ஆழம் அது.

இந்த அளவு நம் காலத்தவர் கட்டிய கதையன்று என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. பாரசீகக் கவிஞரும் பயணியுமான நாசிர் குஸ்ரோ, 1052-ஆம் ஆண்டு தம் நெடும்பயணத்திலிருந்து திரும்பும் வழியில் இந்தப் பகுதியைக் கடந்தார். தூன் என்ற ஊரில் (இன்றைய ஃபிர்தௌஸ்) ஒருவர் சொன்ன செய்தியை அவர் குறித்து வைத்திருக்கிறார். தூனிலிருந்து கொனாபாத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டத்தைக் கள்வர்கள் வழிமறிக்கிறார்கள். அச்சத்தில் சிலர் காரீஸ் கிணறுகளுக்குள் குதித்துவிடுகிறார்கள். அப்படிக் குதித்த ஓர் இளைஞனின் தந்தை, மகனை மீட்டுவர ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்துகிறார். ஊரில் கிடைத்த கயிறுகளையெல்லாம் கொண்டுவந்து முடிச்சுப் போட்டு இறக்க, எழுநூறு ‘கஸ்’ கயிறு உள்ளே போன பிறகுதான் அந்த ஆளின் கால் அடியைத் தொடுகிறது. மகனின் உடல்தான் மேலே வருகிறது. இறங்கியவர் ஏறி வந்து, கீழே பெருநீர் ஓடுகிறது என்று சொல்கிறார்.

நம் துணிக்கடைகளில் வழங்கும் கெஜம் என்ற சொல் இந்தக் கஸ் என்பதிலிருந்து வந்ததுதான். காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அதன் நீளம் மாறியிருக்கிறது. அதை ஒரு முழம், அதாவது அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எழுநூறு கஸ் 350 மீட்டராகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் கேட்டு எழுதப்பட்ட அளவு இன்றைய அளவுக்கு இவ்வளவு அருகில் வருவது வியப்புக்குரியது. எனினும் அந்தப் பகுதியைப் படிக்கும்போது அளவைவிட, கிணற்றின் விளிம்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தத் தந்தைதான் என் மனத்தில் நிற்கிறார்.

இந்தக் காரீஸை வெட்டுவித்தவர் யார் என்று கேட்டபோது, புராண அரசரான கய் குஸ்ரோ என்றே அக்காலத்து மக்கள் நாசிர் குஸ்ரோவிடம் சொல்லியிருக்கிறார்கள். அதாவது 1052-லேயே இது யாருக்கும் தொடக்கம் நினைவில்லாத அளவுக்குப் பழைமையாகிவிட்டிருந்தது. ஆய்வாளர்கள் பலர் இதன் தோற்றத்தை அகாமனிசியப் பேரரசின் காலத்தோடு, அதாவது ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்னால், இணைக்கிறார்கள்.

கேள்வி: இவ்வளவு ஆழத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் யார்? (திண்டுக்கல்லிலிருந்து, கிணறு வெட்டும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வாசகர்)

பதில்: அவர்களுக்கு முகன்னி என்று பெயர். தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற தொழில் இது. கையில் ஒரு சிறு கோடரி, ஒரு மண்வெட்டி, ஓர் எண்ணெய் விளக்கு. மேலே மரச் சக்கரத்தைச் சுழற்றி மண்ணைத் தோல்பையில் ஏற்ற இரண்டொரு ஆட்கள். உள்ளே இருப்பவர் குனிந்தோ மண்டியிட்டோதான் வேலை செய்ய முடியும்.

விளக்கு வெளிச்சத்துக்கு மட்டுமன்று. சுடர் மங்கினால் காற்றுக் கெட்டிருக்கிறது என்று பொருள்; உடனே ஏறிவிட வேண்டும். இரண்டு விளக்குகளைப் பின்னால் வைத்து, முன்னால் நின்று பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் சுரங்கம் நேராகப் போகிறது என்று அறிவார்கள். மண் பொலபொலவென்று உதிரும் இடங்களில், சுட்ட களிமண்ணால் செய்த நீள்வட்ட உறைகளை அடுத்தடுத்துச் செருகிக்கொண்டே முன்னேறுவார்கள். உங்கள் குடும்பத்தினர் உறைக்கிணற்றுக்கு உறை இறக்கியிருந்தால், இதைக் கேட்டவுடன் அவர்களுக்குப் புரியும். அங்கே அந்த உறைகள் படுத்த நிலையில் இருக்கின்றன என்பதே வேறுபாடு.

முகன்னிகள் வெள்ளை உடை அணிந்தார்கள். இருட்டில் ஒருவர் மற்றவரின் கண்ணுக்குத் தெரிவது ஒரு காரணம். மண் சரிந்து மூடிவிட்டால் அதுவே பிணத்துணியாக இருக்கட்டும் என்பது மற்றொரு காரணம். தொழுகை செய்யாமல் இறங்க மாட்டார்கள். மனம் ஒப்பாத நாளில் அவர்களை வேலைக்கு வற்புறுத்துவதும் வழக்கமில்லை. தங்கள் சுரங்கத்தைத் தங்களுக்குள் ‘கொலைகாரன்’ என்றே குறிப்பிடுவார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஊருக்கு உயிர் கொடுக்கும் ஒன்றை அதை வெட்டியவர்கள் அந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதை, நீர்வாயிலின் அழகிய படங்களைப் பார்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: நீர் வந்துவிட்டது; அதை எப்படிப் பங்கிட்டார்கள்? எங்கள் ஊரில் முறைத்தண்ணீருக்கே ஆண்டுதோறும் சண்டை. (தஞ்சை மாவட்டத்து விவசாயி ஒருவர்)

பதில்: கொனாபாத்தைப் பற்றி எழுத எனக்கு மிகவும் விருப்பமான பகுதி இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

காரீஸின் நீரை நிறுத்தி வைக்க முடியாது. இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும் அதன் அளவும் ஆண்டுக்கு ஆண்டு கூடலாம், குறையலாம். எனவே ‘உனக்கு இத்தனை குடம்’ என்று பங்கிட வழியில்லை. அவர்கள் பங்கிட்டது நேரத்தை. இவ்வளவு நேரம் முழு ஓடையும் உன் வயலுக்குத் திரும்பும், பிறகு அடுத்தவருக்கு, இன்ன நாள்கள் கழிந்ததும் மீண்டும் உன் முறை வரும். நீர் குறைந்த ஆண்டில் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும். முதல் மடைக்காரருக்குக் கொழுத்த பங்கும் கடைமடைக்காரருக்கு வறட்சியும் என்ற நிலை, முறை சரியாக நடக்கும்வரை, ஏற்பட இடமில்லை.

நேரத்தை அளக்க அவர்கள் வைத்திருந்தது ஒரு கிண்ணம். பெரிய பாத்திரம் ஒன்றில் நீர் நிரப்பி, அடியில் நுண்ணிய துளையுள்ள செம்புக் கிண்ணம் ஒன்றை அதன்மேல் மிதக்க விடுவார்கள். துளை வழியாக நீர் ஏறி, கிண்ணம் நிரம்பி, ‘டிங்’ என்ற ஒலியோடு அடியில் போய்த் தங்கும். அது ஒரு கணக்கு. உடனே ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்து மீண்டும் மிதக்க விட வேண்டும். பெங்கான் என்றும் ஃபெஞ்சான் என்றும் அழைக்கப்பட்ட இந்தக் கிண்ணத்துக்கென்று தனி வீடே இருந்தது. பொறுப்பாளர்கள் அங்கே இரவும் பகலும் மாறி மாறி விழித்திருந்தார்கள். ஊரார் கூடித் தேர்ந்தெடுத்த, நேர்மைக்குப் பேர்போன முதியவர்களே பெரும்பாலும் அந்தப் பொறுப்பில் அமர்ந்தார்கள். நீர்ப் பங்கீட்டின் தலைவருக்கு மீராப் என்று பெயர். உங்கள் பக்கத்து நீர்கட்டியைவிடக் கூடுதலான அதிகாரம் அவருக்கு உண்டு.

இதைப் படித்தவுடன் நாழிகை வட்டில் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். கொள்கை ஒன்றேதான். சங்கப் பாடலில் குறுநீர்க் கன்னல் என்று வரும் நீர்க்கடிகாரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் கொனாபாத்தில் அது அரண்மனையின் பொழுதை அறிவிக்கும் கருவியாக இல்லை. ஒவ்வொரு உழவரும் தன் கண்ணால் பார்த்துச் சரியென்று ஏற்றுக்கொள்ளும் நடுவராக இருந்தது. இந்தப் பங்குகளைக் குடும்பங்கள் வழிவழியாக உரிமை கொண்டிருந்தன. விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். நிலமில்லாமல் நீர்ப்பங்கு மட்டும் உள்ளவர்களும் இருந்தார்கள். ஒருவருக்கு எத்தனை ஏக்கர் இருக்கிறது என்பதைவிட எத்தனை கிண்ணம் இருக்கிறது என்பதே அவருடைய செல்வத்தைக் காட்டியது. கைக்கடிகாரம் பரவிய பிறகு, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டித்தான் கிண்ணம் ஓய்வுபெற்றது.

சண்டையே வந்ததில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் குராசானை ஆண்ட அப்துல்லா பின் தாகிர், காரீஸ் வழக்குகள் பெருகியதையும் சட்ட நூல்களில் அவற்றுக்கு விடையில்லாததையும் கண்டு, சட்ட அறிஞர்களைக் கூட்டி இதற்கென்றே ஒரு விதிநூல் எழுதச் செய்தார். இருநூறு ஆண்டு கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் கர்தீஸி, தம் காலத்திலும் அந்த விதிநூல் நடைமுறையில் இருந்தது என்கிறார். சண்டை வரும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு முன்பே ஒரு நூலையும் ஒரு கிண்ணத்தையும் ஆயத்தமாக வைத்திருந்தார்கள்.

கேள்வி: அங்கே என்ன விளைகிறது? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கோதுமை, வாற்கோதுமை, மாதுளை, பிஸ்தா ஆகியவற்றோடு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குங்குமப்பூ. உலகின் குங்குமப்பூவில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஈரானில் விளைகிறது. அதன் பெரும்பகுதி குராசான் மண்ணில். கொனாபாத் அதன் பழைய விளைநிலங்களுள் ஒன்று.

காரீஸுக்கும் இந்தச் செடிக்கும் உள்ள பொருத்தம் கவனிக்கத்தக்கது. கோடை முழுவதும், மற்றப் பயிர்கள் நீருக்குத் தவிக்கும் காலத்தில், குங்குமப்பூவின் கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. அதற்கு அப்போது நீர் வேண்டாம். அக்டோபரில் முதல் நீர் பாய்ச்சினால் விழித்துப் பூக்கிறது. இலை குளிர்காலம் முழுவதும் பச்சையாக நிற்கிறது. குளிர்காலத்திலும் நிற்காமல் வரும் காரீஸின் நீருக்கு இப்படி ஒரு பயன் கிடைத்துவிடுகிறது.

பூப்பறிப்பு விடியலுக்கு முன்பே தொடங்கும். வெயில் ஏறினால் இதழ் வாடிவிடும். பறித்த பூக்களை வீட்டுக்கூடத்தில் குவித்து, குடும்பமே சுற்றி அமர்ந்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவந்த சூல்முடிகளைக் கிள்ளி எடுக்கிறது. ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ 1,50,000 பூக்கள் வேண்டும். அந்த வேலையின் பெரும்பகுதி பெண்களின் விரல்களால்தான் நடக்கிறது.

கேள்வி: நீரையும் பயிரையும் சொன்னீர்கள். மக்களின் வழக்கங்கள், விழாக்கள் பற்றி ஏதேனும்? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: ஆண்டின் மிக நீண்ட இரவான யல்தாவை, டிசம்பர் 20 அல்லது 21-இல், ஈரானியர் எல்லோரும் மாதுளையும் தர்ப்பூசணியும் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கொனாபாத்திலும் அதற்குத் தெற்கே உள்ள ஊர்களிலும் இதோடு ஒரு தனி வழக்கம் உண்டு. நுரை தரும் ஒரு செடியின் வேரை வேகவைத்து வடித்த நீரை, அகன்ற மண்தாழியில் ஊற்றி, மாதுளை மிலாறுகளைக் கட்டாகச் சேர்த்து விடாமல் அடிப்பார்கள். கசப்பான அந்த நீர் சிறிது சிறிதாக வெண்ணுரையாகப் பொங்கும். அதில் சர்க்கரைப் பாகு சேர்த்து, வாதுமைக்கொட்டை வகைகளையும் பிஸ்தாவையும் தூவி விருந்தினருக்குக் கொடுப்பார்கள். இனிப்புச் சேர்ப்பதற்கு முன்னால், இளைஞர்கள் நுரையை ஒருவர் முகத்தில் ஒருவர் பூசி விளையாடுவதும் சடங்கின் பகுதிதான். கை ஓய்ந்தால் நுரை அமர்ந்துவிடும் என்பதால் ஒருவர் மாற்றி ஒருவராக அடிக்க வேண்டும். முறைவைத்து வாழ்ந்து பழகிய ஊருக்கு ஏற்ற பண்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அருகிலுள்ள மெந்த் என்ற ஊரில் மட்பாண்டத் தொழில் இன்றும் நடக்கிறது. பக்கத்துச் சிற்றூரான பெய்தொக்த்தில், கொனாபாதி தர்வேஷ் என்னும் சூஃபி மரபின் தலைவரான சுல்தான் அலி ஷாவின் அடக்கத்தலம் இருக்கிறது. 1909-இல் கொலை செய்யப்பட்ட அவர், தம் சீடர்களுக்கு அபினியை விலக்கினார்; உழைக்காமல் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வதையும் விலக்கினார். கொனாபாத் நகருக்குள் 1212-இல் எழுந்த ஜும்ஆ பள்ளிவாசல் செங்கல்லால் ஆனது. அதைக் காணச் செல்வோர் மண்ணின் நிறத்திலேயே எழுந்து நிற்கும் அதன் முகப்பைப் பார்த்துச் சற்று நேரம் நின்றுவிடுவார்கள்.

கேள்வி: அந்தக் கால்வாயில் இப்போதும் நீர் வருகிறதா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கஸபே காரீஸில் வருகிறது. ஆனால் ஈரானின் மற்றக் காரீஸ்கள் பலவற்றில் வருவதில்லை. நிலநடுக்கம் இவற்றுக்கு எப்போதும் பகையாகவே இருந்திருக்கிறது. 1968 ஆகஸ்ட் 31-இல் இந்தப் பகுதியைத் தாக்கிய பெரும் நிலநடுக்கம் அருகிலுள்ள காக்க் ஊரைத் தரைமட்டமாக்கி, வட்டாரம் முழுவதும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. இடிந்த சுரங்கத்தை மக்கள் மீண்டும் வெட்டிக்கொள்வார்கள். பல நூற்றாண்டுகளாக அப்படித்தான் செய்துவந்தார்கள்.

அவர்களால் சரிசெய்ய முடியாமல் போனது ஆழ்துளைக் கிணறு. 1962-இல் தொடங்கிய நிலச் சீர்திருத்தம் பெருநில உடைமையை உடைத்தது. அது வேண்டிய மாற்றந்தான். ஆனால் ஆண்டுதோறும் தூர்வாரும் செலவை யார் ஏற்பது, ஆட்களை யார் திரட்டுவது என்ற பழைய ஏற்பாடும் அதோடு சேர்ந்து உடைந்தது. அதே காலத்தில் மோட்டார் பம்பு வந்தது. காரீஸ் நிலத்தடியில் தானாக வழிவதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பம்போ மட்டத்துக்குக் கீழேயும் போய் உறிஞ்சும். மட்டம் தாழ்ந்தால் தாய்க்கிணறு வறண்டுவிடும். ஒரு காரீஸின் தாய்க்கிணற்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் வேறு யாரும் கிணறு தோண்டக் கூடாது என்ற ‘ஹரீம்’ விதி பழைய சட்டத்திலேயே இருக்கிறது. கைக்கிணற்றை மனத்தில் வைத்து வகுத்த அந்தத் தொலைவு, நூற்றுக்கணக்கான அடிக்குத் துளையிடும் இயந்திரத்துக்குப் போதவில்லை. கிணறு வைத்தவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகளுக்கும் சோறு வேண்டும். ஆனால் ஒருவர் தனியாக முடிவெடுத்துத் தனியாகப் பயன்பெறும் கருவி, நூறு குடும்பங்கள் கூடி முடிவெடுக்க வேண்டிய ஒன்றின் அடிமடியில் கைவைத்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் கிணற்று நீரை மட்டுமே நம்பி வாழும் உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

கேள்வி: கிண்ணக் கணக்கில் ஒரு துளி நீரையும் விடாத ஊரில், வழிப்போக்கர் தாகத்துக்குக் குடிக்க வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும்? (பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி)

பதில்: யாரிடமும் கேட்க வேண்டாம். தாகத்தின் உரிமை என்று பொருள்படும் ‘ஹக் அஷ்ஷஃபா’ என்ற ஒன்று இஸ்லாமியச் சட்டத்தில் உண்டு. ஓடையின் நீர் யாருடைய முறையில் போய்க்கொண்டிருந்தாலும், கரையில் குனிந்து குடிக்கும் மனிதரையும், அவர் ஓட்டிவந்த கழுதையையும் ஆட்டையும் தடுக்கப் பங்குக்காரருக்கு உரிமையில்லை. அந்த நீர் எவருடைய கிண்ணத்திலும் சேராது.